சார்ட்டின் அருகே நிற்கும் குழந்தை

(அறிவியல் செயல்திட்ட வழிகாட்டி ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் இந்த அரங்கத்துக்குள் நுழையும்போது, வராந்தாவில் நீங்கள் மாட்டி வைத்திருக்கும் மாணவர்களின் சார்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எழுத்து அழகாக இருந்தது. ஓரங்களில் பூ வேலைப்பாடு இருந்தது. தலைப்புகளும் நன்றாக இருந்தன. ஆனால் எந்தச் சார்ட்டின் அருகிலும் குழந்தை இல்லை. இது ஆசிரியர்களுக்கான பயிற்சி, அதனால் குழந்தைகள் வரவில்லை. அது சரிதான். இருந்தாலும், சார்ட் ஓரிடத்திலும் குழந்தை வேறிடத்திலுமாக இருப்பதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு பழைய உறுத்தல் எழுந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

‘ஆய்வைப் போஸ்டராக முன்வைப்பது எப்படி?’ என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. அதை நான் கற்றுக்கொண்ட இடம் நம் ஊரிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. வட அமெரிக்காவின் புல்வெளிகளைக் காக்க உழைப்பவர்கள் கூடும் ஒரு மாநாட்டில்தான் முதன்முதலாக ஒரு போஸ்டரின் அருகே நின்றேன். ஆகவே முதலில் அந்தப் புல்வெளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டெப்பி, பம்பாஸ், வெல்டு, பிரெய்ரி என்று மிதவெப்பமண்டலப் புல்வெளிகளின் பெயர்களை வகுப்பில் வரிசையாகச் சொல்லிக் கொடுத்திருப்போம். குழந்தைகளும் மனப்பாடம் செய்து ‘பொருத்துக’ பகுதியில் மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அந்தப் பட்டியலில் வரும் பிரெய்ரி இன்று ஏறக்குறைய அழிந்துபோன ஒன்று என்பதை நாம் சொல்லியிருக்க மாட்டோம். ஆள் உயரத்துக்கு மேல் புல் வளரும் உயர்புல் பிரெய்ரி ஒரு காலத்தில் சுமார் 17 கோடி ஏக்கரில் பரந்து கிடந்தது. இன்று எஞ்சியிருப்பது அதில் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. இல்லினாய் மாநிலத்துக்குப் ‘பிரெய்ரி மாநிலம்’ என்றே பெயர். அங்கே 2 கோடி ஏக்கருக்கு மேல் இருந்த புல்வெளியில், பழைய தன்மை கெடாமல் மிஞ்சியது சில ஆயிரம் ஏக்கர் மட்டுமே.

எங்கே போயிற்று அந்தப் புல்? கலப்பைக்குக் கீழே போயிற்று. பிரெய்ரிச் செடிகளின் வேர்கள் பல அடி ஆழத்துக்கு இறங்கி அடர்ந்த வலைபோலப் பின்னிக் கிடக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த வேர்கள் மக்கி மக்கித்தான் அங்கே கருமண் உண்டானது. பழைய கலப்பைகளில் அந்த மண் பசைபோல ஒட்டிக்கொள்ளும். 1837-இல் ஜான் டீர் என்ற கொல்லர் மண் ஒட்டாத எஃகுக் கலப்பையைச் செய்தார். அதன் பிறகு சில பத்தாண்டுகளில் புல்வெளி சோளக்காடானது. எது தப்பித்தது தெரியுமா? ஏர் நுழையாத பழைய கல்லறைத் தோட்டங்களும், இருப்புப்பாதை ஓரங்களும், கல் நிறைந்த மேடுகளும்தான். கான்சாஸ் மாநிலத்தின் ஃபிளின்ட் ஹில்ஸ் பகுதியில் இன்றும் பெரிய அளவில் புல்வெளி இருப்பதற்குக் காரணம், அந்த மண்ணில் கல் அதிகம், உழ முடியவில்லை என்பதுதான்.

இன்னொரு செய்தியும் உண்டு. அந்தப் புல்வெளிக்கு நெருப்பு வேண்டும். பல ஆண்டுகள் எரியாமல் விட்டால் புதர்களும் மரங்களும் ஏறிக்கொள்ளும், புல் மறைந்துவிடும். பூர்வகுடி மக்கள் காலங்காலமாக இதை அறிந்து, புல்வெளிகளுக்குத் தீ வைத்துவந்தார்கள். ஆனால் அறிவியல் உலகம் இதை ஒப்புக்கொள்வதற்குக் களத்தில் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. 1930-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் தாவரத் தோட்டத்தில், பழைய விவசாய நிலம் ஒன்றை மீண்டும் புல்வெளியாக்கும் முயற்சி தொடங்கியது. 1940-களில் ஜான் கர்ட்டிஸ் என்ற தாவரவியலாளரும் அவருடைய மாணவரும் அங்கே சில துண்டு நிலங்களை எரித்தும் சிலவற்றை எரிக்காமலும் விட்டு ஒப்பிட்டார்கள். தீ புல்வெளிக்கு உதவுகிறது என்பது தெரிந்தது. அந்தப் புல்வெளி இன்று கர்ட்டிஸ் பிரெய்ரி என்று அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது.

கான்சாஸில் கோன்சா பிரெய்ரி என்ற ஆய்வு நிலம் இருக்கிறது. அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை ஆண்டுதோறும், இன்னொன்றை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, மற்றொன்றை நான்கு ஆண்டுக்கு ஒரு முறை, வேறொன்றை இருபது ஆண்டுக்கு ஒரு முறை என்று எரித்து, ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்று பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்துவருகிறார்கள். 1987-இல் அங்கே காட்டெருமைகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சுமார் முப்பது ஆண்டுக் கணக்கை 2022-இல் வெளியிட்டார்கள். காட்டெருமை மேய்ந்த இடத்தில் தாவர வகைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. முப்பது ஆண்டுகள் ஆளுக்கு ஆள் கைமாற்றி எண்ணியிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பொறுமைதான் அறிவியல்.

சரி, இப்போது மாநாட்டுக்கு வருவோம். 1968-இல் இல்லினாயில் உள்ள நாக்ஸ் கல்லூரியில் பிரெய்ரி பற்றிய ஒரு கருத்தரங்கு நடந்தது. அதுவே வளர்ந்து வட அமெரிக்கப் பிரெய்ரி மாநாடாகி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடைபெறலாயிற்று. இதைப் போன்ற புல்வெளி மாநாடுகள் அங்கே வேறு சிலவும் உண்டு. இவற்றின் சிறப்பு, வருகிற ஆட்கள்தான். பேராசிரியர்கள் வருவார்கள். மாடு வளர்க்கும் பண்ணையாளர்கள் வருவார்கள். வனத்துறை, பூங்காத் துறை ஊழியர்கள், விதை சேகரிக்கும் தொண்டர்கள், ஓய்வு பெற்றவர்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று எல்லோரும் ஒரே கூடத்தில் இருப்பார்கள்.

அந்தக் கூடத்தில்தான் போஸ்டர் அமர்வு நடக்கும். வரிசையாகப் பலகைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நாலடி அகலம், மூன்றடி உயரம் என்ற அளவில் ஒரே ஒரு தாள். ஆய்வு செய்தவர் அதன் அருகே ஒன்றிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். மேடை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் நடந்து போவார்கள். பிடித்தால் நிற்பார்கள், பிடிக்காவிட்டால் போய்விடுவார்கள்.

நான் அங்கே முதுகலை மாணவனாக இருந்தபோது என் முதல் போஸ்டரை அப்படி ஒரு கூடத்தில் மாட்டினேன். தீ வைத்த நிலத்திலும் வைக்காத நிலத்திலும் நாற்றுகள் எப்படி முளைக்கின்றன என்பது என் சிறு ஆய்வு. ஆய்வறிக்கையில் இருந்த அத்தனையையும் அந்தத் தாளில் திணித்திருந்தேன். முன்னுரை, முறை, மூன்று அட்டவணை, நான்கு வரைபடம், முடிவு, நன்றியுரை. எழுத்து எறும்பு ஊர்வதுபோல இருந்தது. தலைப்பு மட்டுமே மூன்று வரி. முதல் அரை மணி நேரத்தில் என்னிடம் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார். இன்னொருவர் பக்கத்துப் போஸ்டருக்கு வந்தவர், கூட்டம் குறையட்டும் என்று என் முன்னால் காத்திருந்தார்.

அந்தப் பக்கத்துப் போஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இளங்கலை படிக்கும் ஒரு பெண்ணுடையது. ‘நாங்கள் விதைத்தோம், முளைக்கவில்லை’ என்பதுதான் அதன் தலைப்பு. கீழே ஒரு பெரிய படம், ஒரே ஒரு வரைபடம், ‘ஏன் என்று நாங்கள் நினைக்கும் மூன்று காரணங்கள்’ என்று ஒரு பட்டியல். அவ்வளவுதான். அங்கே ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். “எந்த மாதம் விதைத்தீர்கள்?” “எங்களுக்கும் இப்படித்தான் ஆயிற்று.” “களையை முதலில் அடக்கினீர்களா?” என்று ஆளாளுக்குக் கேள்வியும் அனுபவமும். தோல்வியை ஒளிக்காமல் எழுதியதால், அடுத்த ஆண்டு விதைக்கப் போகிறவர்களின் பணமும் உழைப்பும் மிச்சமாயின. எனக்கு அப்போதுதான் உறைத்தது: கிடைத்த முடிவு நல்லதா கெட்டதா என்று யாரும் அங்கே பார்க்கவில்லை. உண்மையா என்றுதான் பார்த்தார்கள்.

அமர்வு முடியப்போகும் நேரத்தில் தொப்பி வைத்த ஒரு பெரியவர் என் முன்னால் வந்து நின்றார். மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர். என் போஸ்டரை மேலும் கீழும் பார்த்தார். படிக்கவில்லை என்பது தெரிந்தது. ஓரத்தில் இருந்த ஒரு புகைப்படத்தைக் காட்டினார். தரையில் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கும் நாற்றுகளைக் குனிந்து எண்ணும் படம். “இதை நீங்களே முட்டி போட்டு எண்ணினீர்களா?” என்று கேட்டார். “ஆமாம் ஐயா, ஒவ்வொரு சட்டத்தையும் நானேதான் எண்ணினேன்” என்றேன். உடனே அவர் முகம் மாறியது. “அப்படியானால் சொல்லுங்கள், என் நிலத்தில் எப்போது தீ வைக்கலாம்?” என்றார்.

என் போஸ்டரில் அதற்குப் பதில் இல்லை. அட்டவணைகள் இருந்தன, பதில் இல்லை. ஆனால் எண்ணியவன் நான் என்பதால் பேச முடிந்தது. எந்த இடத்தில் என்ன பார்த்தேன், எதை உறுதியாகச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று சொன்னேன். அவர் தம் நிலத்தைப் பற்றிச் சொன்னார். இருபது நிமிடம் பேசினோம். போகும்போது, “இப்போது என்னிடம் சொன்னதை அந்தத் தாளில் எழுதியிருந்தால் முதலிலேயே வந்திருப்பேனே” என்று சொல்லிவிட்டுப் போனார். போஸ்டர் தயாரிப்பது பற்றி நான் பெற்ற முதல் பாடமும் முக்கியமான பாடமும் அதுதான்.

2019-இல் அமெரிக்காவில் மைக் மோரிசன் என்ற ஆராய்ச்சி மாணவர், போஸ்டர்களை எப்படி மாற்றி அமைக்கலாம் என்று ஒரு காணொலி வெளியிட்டார். அது அறிவியல் உலகில் வேகமாகப் பரவியது. அவர் சொன்னது எளிமையானது: ஆய்வின் முக்கிய முடிவை எளிய மொழியில், பெரிய எழுத்தில், நட்டநடுவில் எழுதுங்கள். விவரம் வேண்டுவோர் படிக்க ஓரத்தில் வைத்துவிடுங்கள். அதைப் பார்த்தபோது அந்தப் பண்ணைக்காரப் பெரியவர்தான் என் நினைவுக்கு வந்தார்.

நமக்கு இது புதிதும் இல்லை. நம் ஊரில் சுவரொட்டி ஒட்டுகிறவர்களுக்கு இந்தக் கலை நன்றாகத் தெரியும். ஓடும் பேருந்தில் ஜன்னலோரம் இருப்பவர் ஒரு நொடியில் படித்துவிட வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. நம் குழந்தைகளின் சார்ட்டும் அப்படி இருக்கட்டும்.

இனி, அந்தக் கூடங்களில் நின்று நின்று நான் கற்றவற்றுள், நம் வகுப்பறைக்குப் பயன்படும் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, தலைப்பு. ‘தாவரப் பன்மை பற்றிய ஓர் ஆய்வு’ என்று எழுதினால் யாரும் நிற்க மாட்டார்கள். ‘எங்கள் பள்ளி மைதானத்தில் வேலியோரம்தான் அதிகச் செடி வகைகள்’ என்று எழுதினால் நிற்பார்கள். கண்டுபிடித்ததையே தலைப்பாக்கச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து அடி தூரத்திலிருந்து அதைப் படிக்க முடிகிறதா என்று குழந்தைகளையே நிற்கவைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, ஒரு சார்ட்டுக்கு ஒரு கேள்வி போதும். இரண்டு கேள்வி இருந்தால் இரண்டு சார்ட்.

மூன்றாவது, சொற்களைக் குறையுங்கள். பாடப்புத்தகத்தில் இருப்பதைத் திரும்ப எழுத வேண்டாம். ஒளிச்சேர்க்கையின் வரையறை அங்கே எதற்கு? குழந்தை பார்த்தது, எண்ணியது, அளந்தது மட்டும் இருக்கட்டும்.

நான்காவது, ஒரு படமாவது குழந்தை வேலை செய்யும்போது எடுத்ததாகவோ, குழந்தையே வரைந்ததாகவோ இருக்கட்டும். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய படம் யாரையும் நிறுத்தாது. என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு புகைப்படம்தான்.

ஐந்தாவது, நிறம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக இருக்கிறார்கள். நம் வகுப்பிலேயே இருக்கலாம். வரைபடத்தில் இரண்டை ஒப்பிடும்போது சிவப்பு, பச்சை என்று தீட்டாமல் நீலம், ஆரஞ்சு என்று தீட்டச் சொல்லுங்கள். ஒன்றில் கோடு போட்டு இன்னொன்றில் புள்ளி வைத்தாலும் போதும்.

ஆறாவது, ‘எங்களுக்குத் தெரியாதது’ என்று ஒரு சிறு கட்டம் ஒதுக்குங்கள். எங்கே தவறு நேர்ந்திருக்கலாம், அடுத்த முறை எதை மாற்றிச் செய்வோம் என்று குழந்தை தன் கையால் எழுதட்டும். அந்தப் பெண்ணின் போஸ்டருக்கு அத்தனை பேரை இழுத்தது அந்தக் கட்டம்தான்.

ஏழாவது, பேச்சு. ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். அரை நிமிடத்தில் சொல்ல மூன்று வரி போதும்: என்ன கேட்டோம், என்ன செய்தோம், என்ன கண்டோம். அதன்பின் எதிரே நிற்பவரைக் கேட்கவிட வேண்டும். ‘தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்’ என்று தயங்காமல் சொல்லப் பழக்குங்கள். அது தோல்வி இல்லை என்று குழந்தைக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் பிரெய்ரிக்குப் போக வேண்டியதில்லை. நான்கு குச்சி, நாலு மீட்டர் கயிறு போதும். ஒரு மீட்டர் சதுரம் கட்டலாம். பள்ளி மைதானத்தில் ஆட்கள் நடக்கும் இடத்தில் ஒன்று, வேலியோரத்தில் ஒன்று, மரநிழலில் ஒன்று என்று வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் எத்தனை வகைச் செடி என்று எண்ணச் சொல்லுங்கள். அருகம்புல், கோரை, நெருஞ்சி, தும்பை, நாயுருவி என்று ஊர்ப்பெயர் தெரிந்தவற்றை எழுதட்டும். தெரியாதவற்றுக்கு ‘செடி 1’, ‘செடி 2’ என்று பெயரிட்டு ஓர் இலையை ஒட்டி வைக்கட்டும். வீட்டில் பாட்டியிடம் காட்டினால் பாதிக்குப் பெயர் கிடைத்துவிடும். தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு இது எண்ணும் பயிற்சி, எட்டாம் வகுப்புக்குச் சராசரி, பத்தாம் வகுப்புக்குச் சூழலியல். மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை எண்ணினால் ஒப்பிடவும் ஏதாவது கிடைக்கும். அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அதே இடத்தில் எண்ணினால், நம்மிடமும் ஒரு சின்ன கோன்சா இருக்கும்.

தொடக்கத்தில் ஓர் உறுத்தல் என்று சொன்னேன் அல்லவா? அதைச் சொல்லி முடிக்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஓர் அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்து என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். குளத்து நீரின் தரம் பற்றிய செயல்திட்டம். எங்கள் சார் மிக நல்லவர். என்மேல் உயிராக இருந்தவர். எங்கள் சின்னப் பள்ளிக்கு ஒரு பரிசாவது வந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதனால் அவரே எல்லாவற்றையும் எழுதினார். கடைத்தெருவில் போர்டு எழுதும் அண்ணன் ஒருவர் சார்ட்டை எழுதிக் கொடுத்தார். எனக்கு இரண்டு பக்கம் மனப்பாடம். ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். நடுவராக வந்த அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லா சொன்னே தம்பி. அந்தக் குளத்துல எந்தப் படித்துறையில தண்ணி எடுத்தே?” என்று கேட்டார்.

நான் அந்தக் குளத்துக்குப் போனதே இல்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. தோளில் தட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். திரும்பி வரும்போது பேருந்தில் சார் என்னிடம் பேசவில்லை, நானும் அவரிடம் பேசவில்லை. இருவருக்குமே வெட்கம். அவர் எனக்குச் செய்ய நினைத்தது நல்லதுதான் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அன்று அந்தச் சார்ட்டின் அருகே நின்ற பையனுக்கு, தான் அங்கே நிற்கத் தகுதி இல்லாதவன் என்ற எண்ணம் வந்துவிட்டது. அது போகப் பல ஆண்டுகள் ஆயின. முட்டி போட்டு எண்ணினாயா என்று எங்கோ ஒரு பண்ணைக்காரர் கேட்டபோது, ‘ஆமாம்’ என்று சொல்ல முடிந்ததே, அன்றுதான் அது போயிற்று.

அந்தப் படித்துறைக் கேள்வியும் பண்ணைக்காரரின் கேள்வியும் ஒன்றுதான்: இதை நீ செய்தாயா?

ஆசிரியப் பெருமக்களே, செயல்திட்டம் தயாரிக்கும் பருவம் வந்தால் நமக்கு எத்தனை நெருக்கடி என்று எனக்குத் தெரியும். பாடம் முடிக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், இடையில் குறுவள மையக் கூட்டம். ‘நானே எழுதிக் கொடுத்துவிட்டால் சீக்கிரம் முடியும்’ என்று தோன்றும். தோன்றும்போது அந்தப் பேருந்துப் பயணத்தை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்து கோணலாக இருக்கட்டும். பிழை ஒன்றிரண்டு இருக்கட்டும். பரிசுகூட வராமல் போகட்டும். “எந்தப் படித்துறையில் தண்ணீர் எடுத்தாய்?” என்று யாராவது கேட்டால், கையை நீட்டிக் காட்ட அந்தக் குழந்தைக்கு ஒரு படித்துறை இருக்க வேண்டும்.

அடுத்த முறை நான் வரும்போது இந்த வராந்தாவில் சார்ட்டுகளின் அருகே குழந்தைகளும் நிற்கட்டும். அவர்களிடம் நான் நிறையக் கேள்வி கேட்க வேண்டும்.